ஏடிடியில் ஒரு சீசன்: 11 போட்டிகள், 39,300 வெள்ளி, ஒரு துவாலை

பின்னணி

26 வயது சிங்கப்பூர் வீரர் ஒருவர் 2024-ல் ஏடிடி என்ற ஆசியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிய கோல்ஃப் சீசன் பற்றிய குறிப்பு இது. அவரும் குடும்பமும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே தருகிறேன். யார் பெயரும் இல்லை.

நான் கோல்ஃப் பயிற்சியாளர் அல்ல. முப்பது வருடம் கணக்கு வேலை பார்த்தவன். வார இறுதியில் ஆடினால் நூறுக்குக் கீழே முடிப்பதே எனக்குப் பெரிய விஷயம். வீரரின் குடும்பமும் நாங்களும் உட்லண்ட்ஸில் ஒரே புளோக்கில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். "வரவு செலவை மட்டும் நீங்க பாத்துக்குங்கண்ணே, எனக்குத் தலை சுத்துது" என்று அவர் அப்பா மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது கேட்டார். அப்படித்தான் இதற்குள் வந்தேன்.

வீரர் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து, இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்து, பிறகு ஒரு டிரைவிங் ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் இடத்தில், உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். குடும்பத்தில் யாருக்கும் கிளப் உறுப்பியம் கிடையாது. இங்கே பெரிய கிளப்புகளில் உறுப்பியம் லட்சக்கணக்கான வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, போகும். அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டுக் குடும்பம் அதை நினைத்தும் பார்க்காது. அதனால் அவர் வளர்ந்ததெல்லாம் ரேஞ்சிலும், மரீனா பேயில் இருந்த பொதுமக்களுக்கான 18 குழி மைதானத்திலும்தான். ரேஞ்சில் அடிப்பது செயற்கைப் புல் மேட் மேல். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

ஏஷியன் டூர் தகுதிப் போட்டியில் அவருக்குக் கார்டு, அதாவது அந்தச் சுற்றில் ஆடும் உரிமை, கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த படியான ஏஷியன் டெவலப்மெண்ட் டூரில், அதாவது ஏடிடியில், ஆட இடம் கிடைத்தது. 2010-ல் தொடங்கிய சுற்று இது. ஆண்டு முடிவில் தரவரிசைப் பட்டியலில் முதல் 10 இடங்களுக்குள் வருபவர்களுக்கு ஏஷியன் டூர் கார்டு. மற்றவர்கள் மறுபடி தகுதிப் போட்டிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு வருடம் ஏடிடி.

மார்டான் மாமட் 2006-ல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸை வென்று, ஐரோப்பியச் சுற்றுப் போட்டியொன்றை வென்ற முதல் சிங்கப்பூரர் ஆனார். அந்தக் கதையை வீரரின் அப்பா எனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். என் வேலை, அவர் கதை சொல்லும்போது கால்குலேட்டரை மூடி வைப்பது.

பணம் எங்கிருந்து வந்தது

மொத்தம் 40,000 வெள்ளி. அப்பாவின் சேமிப்பு 15,000. வீரரின் சொந்தப் பணம் 5,000. தாதியாக இருக்கும் அக்கா 8,000 கொடுத்தார். குடும்பத்துக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் 12,000 தந்து, தொப்பியில் கடைப் பெயரைப் போடச் சொன்னார். அப்பாவுக்கு 57 வயது. மத்திய சேமநிதியிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இந்த வருடத்தில் நான் எடுத்த முடிவுகளில் இன்றைக்கும் சந்தேகமில்லாமல் சரி என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

வரவுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏடிடியில் பரிசுத் தொகை 100,000 அமெரிக்க வெள்ளி உள்ள போட்டி என்றால் வென்றவருக்கு 17,500. முப்பதாவது இடம் போல முடித்தால் ஆயிரம்கூடத் தேறாது. இரண்டு சுற்று முடிந்து 'கட்', அதாவது மீதிச் சுற்றுகளை ஆடத் தகுதி தரும் எல்லை, தாண்டாவிட்டால் சுத்தமாக ஒன்றுமில்லை. கிடைப்பதிலும் அந்தந்த நாட்டு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். செலவுப் பக்கத்தில், மலேசியாவில் ஒரு வாரம் என்றால் நுழைவுக் கட்டணம், விடுதி, கேடி (பையைச் சுமந்து உடன் வருபவர்), எண்ணெய், டோல், சாப்பாடு சேர்த்து எங்களுக்குச் சராசரி 1,700 வெள்ளி ஆனது. இந்தோனேசியா 2,400. தைவான் 3,000.

ஆக, கட் தாண்டி நடுவில் எங்கோ முடிக்கும் வாரத்திலும் கைப்பணம் போகும். முதல் நாளே இதை அப்பாவிடம் தாளில் போட்டுக் காட்டினேன். "தெரிஞ்சுதான் இறங்குறோம்" என்றார்.

முதல் பாதி

ஜூன் வரை ஆறு போட்டிகள். நான்கு மலேசியாவில், இரண்டு இந்தோனேசியாவில். ஐந்தில் கட் தாண்டவில்லை. ஒன்றில் தாண்டி 41-ஆம் இடம், 540 அமெரிக்க வெள்ளி. செலவு 11,600 சிங்கப்பூர் வெள்ளி.

தவறிய ஐந்தில் மூன்று, ஒன்று அல்லது இரண்டு அடியில் (ஸ்ட்ரோக்கில்) போனவை. எட்டு அடியில் போயிருந்தால் 'இவருக்கு இந்த மட்டம் ஒத்துவராது' என்று முடிவெடுத்திருக்கலாம். ஓரடியில் போகும்போது எல்லோருக்கும் ஒரு காரணம் தோன்றும். வீரருக்குத் தோன்றியது பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி. எட்டு அடி தூரத்துப் பட் எல்லாம் குழியின் உதட்டில் பட்டு வெளியே போகிறது என்றார். 600 வெள்ளிக்குப் புது பட்டர் (உருட்டும் மட்டை) வாங்கினோம். பில் என்னிடம் இருக்கிறது. அப்பாவுக்குத் தோன்றியது கேடி; சொந்தமாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். பயிற்சியாளர் ஸ்விங்கையே கொஞ்சம் மாற்றிப் பார்க்க நினைத்தார்.

எனக்குத் தோன்றியது செலவு. கணக்காளன் கையில் சுத்தியலைக் கொடுத்தால் அவன் அடிப்பது ரசீதைத்தான்.

ஜொகூரில் மூன்று நிமிடம்

ஜூன் நடுவில் ஏடிடி போட்டி இல்லாத ஒரு வாரம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் மூன்று நாள் உள்நாட்டுப் போட்டி ஒன்று இருந்தது. ஆட்டத்தில் தொடர்ச்சி வேண்டும் என்று பதிவு செய்தார். வீட்டிலிருந்து மைதானத்துக்கு வழக்கமாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. எதற்கு விடுதி, தினமும் வீட்டிலிருந்தே போகலாமே என்று சொன்னது நான். இரண்டு இரவுக்கு 180 வெள்ளி மிச்சம்.

முதல் நாள் சிக்கலில்லை. பார் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) 72-ல் 71 அடித்தார்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜூன் 14. பள்ளி விடுமுறை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த திங்கள் ஹஜ்ஜுப் பெருநாள். நீண்ட வார இறுதிக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜொகூர் போகும் கடற்பாலம் எப்படி இருக்கும் என்று உட்லண்ட்ஸில் வளரும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஆட்டம் தொடங்கும் நேரம் பகல் 12:50. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று மனதில் கணக்குப் போட்டேன்.

பதினொன்றரைக்கு அவர் அனுப்பிய படத்தில் முன்னால் ஒரு பேருந்தின் பின்பக்கம், அதற்கும் முன்னால் இன்னொரு பேருந்து. கார் இன்னும் பாலத்தின் நடுவில்தான். பன்னிரண்டு ஐந்துக்கு மலேசியக் குடிநுழைவைத் தாண்டினார். வண்டியிலேயே காலணி மாற்றிக்கொண்டார், அப்பா ஓட்டினார். முதல் டீயை, அதாவது முதல் குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடத்தை, அடைந்தபோது மணி 12:53.

கோல்ஃப் விதி 5.3 இதில் விவாதத்துக்கு இடம் வைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் முதல் குழியில் இரண்டு அடி தண்டனை. அதற்கு மேல் என்றால் போட்டியிலிருந்தே நீக்கம். இவருக்கு இரண்டு அடி. பயிற்சி மைதானத்தில் ஒரு பந்துகூட அடிக்காமல் நேராகப் போய் நின்றவர், தண்டனையையும் சேர்த்து 75-ல் முடித்தார். ஓரடியில் கட் போனது.

வீட்டுக்கு வந்து, "பரவால்ல அங்கிள், நானும்தானே சரின்னு சொன்னேன்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முகாமில் இருந்த இரண்டு வாரம்

ஜூலையில் அவருக்கு, தேசிய சேவை முடித்தவர்களை அழைக்கும் போர்க்காலப் படைவீரர் முகாம் பயிற்சி வந்தது, இரண்டு வாரம். ஒத்திவைக்கக் கேட்கலாமா என்று பேசினோம். அந்த இரண்டு வாரத்தில் ஏடிடி போட்டி எதுவும் அவர் பட்டியலில் இல்லை. இப்போது தள்ளிப்போட்டால் தைவான் வாரத்தில் வந்து நிற்கும் என்று பயந்து போய்விட்டுவரச் சொன்னோம். ஜூன் 30-ஆம் தேதியோடு மரீனா பே மைதானமும் மூடியாகிவிட்டது. புல்லில் பழக இடமில்லாத நேரம் வேறு.

போகும்போது தன் குறிப்பேட்டை என்னிடம் விட்டுப் போனார். ஒவ்வொரு சுற்றையும் குழி வாரியாக எழுதி வைப்பார்: எத்தனை மீட்டரிலிருந்து அடித்தார், எந்தக் கிளப் (மட்டை), எங்கே விழுந்தது, பட் எத்தனை அடி தூரம். நல்ல பழக்கம். ஆனால் யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை என்பதால் உட்கார்ந்தேன்.

முதலில் அந்த எட்டு அடிப் பட். ஏழிலிருந்து ஒன்பது அடி தூரத்துக்குள் 46 பட். உள்ளே போனது 21. மோசம்தான் என்று நினைத்தேன். பயிற்சியாளரிடம் சொன்னபோது சிரித்தார். அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடுபவர்களே எட்டு அடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுவார்களாம். நம் ஆள் அவர்களோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கிறார். அந்த 600 வெள்ளி பட்டருக்கு வேலையே இருந்திருக்கவில்லை.

அப்படியென்றால் கேள்வி வேறு. எட்டு அடிப் பட் ஏன் இத்தனை வருகிறது?

அடுத்து வெட்ஜ் அடிகளை, அதாவது குறைந்த தூரத்துக்கான மட்டையால் அடிப்பவற்றை, எடுத்தேன். 40-லிருந்து 90 மீட்டருக்குள், ஆறு போட்டியில் 61 அடி. இந்த தூரம்தான் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் பந்தைக் குழி அருகே போட்டு பேர்டி (பாருக்கு ஓரடி குறைவு) எடுக்க வேண்டிய இடம். அந்த 61-ல் 19 அடிகள் எட்டு மீட்டருக்கு மேல் குறைவாக விழுந்திருந்தன. கூடுதலாகப் போனவை நான்கே நான்கு. இடம் வலம் தவறியவை கொஞ்சம். ஒரே திசையில் இத்தனை தவறு என்றால் அதிர்ஷ்டம் காரணமாக இருக்காது. கணக்கில் ஒரே தலைப்பில் பணம் குறைந்துகொண்டே வந்தால் எந்தக் கணக்காளனும் அந்தத் தலைப்பைத்தான் தோண்டுவான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 19-ல் 13 அடிகள், 'மழை', 'ஈரம்' என்று அவரே ஓரத்தில் எழுதிய நாட்களில் வந்தவை.

பயிற்சியாளரிடம் தாளை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேட்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பந்துக்குச் சற்றுப் பின்னாலேயே கிளப் தரையைத் தொட்டுவிட்டால், நிஜப் புல்லில் அது மண்ணுக்குள் இறங்கி வேகம் இழக்கும். பந்து பாதி வழியில் செத்துப்போகும். ஈர மண்ணிலும், இந்தப் பக்கத்து மைதானங்களில் இருக்கும் அகல இலைப் புல்லிலும் இன்னும் மோசம். மேட்டில் அதே அடியை அடித்தால் கிளப் ரப்பர் மேல் வழுக்கிக்கொண்டு பந்தைப் போய்த் தொடும். பந்து நன்றாகவே பறக்கும். கணினித் திரையில் தூரமும் சரியாகவே காட்டும். அடித்தவனுக்குத் தப்பு செய்தோம் என்றே தெரியாது. வாரத்துக்கு ஐந்து நாள் இப்படித் தப்பைப் பழகிக்கொண்டு, ஆறாவது நாள் புல்லில் போய் நின்றால் புல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நாங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆனால் நிலம் இல்லாத ஊரில் மேட் என்பது வீட்டுத் தரை மாதிரி. அதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

எடுத்த முடிவுகள்

முகாமிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். பேச்சு மூன்று மணி நேரம் போனது.

ஸ்விங்கை மாற்றுவதில்லை என்று முதலில் முடிவானது. பயிற்சியாளரே பின்வாங்கினார். சீசன் நடுவில் அடிப்படையைக் கலைத்தால் இருப்பதும் போய்விடும் என்றார். பந்துக்கு நான்கு விரற்கடை பின்னால் ஒரு துவாலையை மடித்துப் போட்டு அடிக்கச் சொன்னார். கிளப் துவாலையைத் தொட்டால் தப்பு. மேட் மறைப்பதைத் துவாலை சொல்லிவிடும். அம்மா உள்ளே போய்ப் பழைய தேங்காய்ப்பூத் துவாலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாள் ஐம்பது அடியில் இருபத்தாறு முறை துவாலை பறந்ததாக அன்று இரவு எனக்குச் செய்தி வந்தது.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு காலை இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாக ஜொகூர் போய், நிஜப் புல்லில் பயிற்சி. விடிவதற்கு முன் கிளம்பி மதியத்துக்குள் திரும்புவது. இதற்கான பணத்தைக் கேடித் திட்டத்திலிருந்து எடுத்தேன்.

மூன்றாவது எனக்கானது: போட்டி வாரத்தில் விடுதியில் கை வைக்கக்கூடாது. அப்பா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பட்ஜெட் தாளில் அந்த வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டார், அவ்வளவுதான்.

நான்காவதில் ஒத்துப்போகவில்லை. எட்டு மணி நேர விமானப் பயணத்தில் ஒரு போட்டி. பரிசுத் தொகையும் மற்றதைவிட அதிகம். ஐயாயிரம் வெள்ளி ஆகும் என்று மதிப்பிட்டேன். அப்பாவுக்கு அனுப்ப ஆசை. கட் தாண்டாத ஆளுக்குப் பெரிய பரிசும் சின்னப் பரிசும் ஒன்றுதான் என்றேன். வீரர் என் பக்கம் சாய்ந்தார். பன்னிரண்டு போட்டி என்றிருந்த திட்டம் பதினொன்றானது.

இரண்டாம் பாதி

ஐந்து போட்டிகள்: மலேசியாவில் மூன்று, இந்தோனேசியாவில் ஒன்று, தைவானில் ஒன்று. முதல் போட்டியில் கட் போனது. முகாம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. யாரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த நான்கிலும் தாண்டினார். 38, 24, 9, 31.

அந்த ஒன்பதாம் இடத்தை நான் நேரில் பார்த்தேன். மலேசியாவில், விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைசி நாள், 16-ஆவது குழி. அவர் பந்து ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல்பாதையில்), குழிக்கு 70 மீட்டர். ஒரே நீண்ட சங்கு ஊதியது. மின்னல் அபாயம், அடிக்காமல் அப்படியே நிறுத்த வேண்டும். பந்து இருந்த இடத்தைக் குறித்துவிட்டு வந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் கிளப் கட்டடத்தில் காத்திருந்தோம். மழை கொட்டித் தீர்த்தது. அவர் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை மூடி வைத்தார்.

இரண்டு குட்டிச் சங்கு ஊதியதும் திரும்பிப் போனார். ஃபேர்வே ஊறிப்போய், கால் வைத்தால் தண்ணீர் பிதுங்கியது. ஆறு மாதம் முன்னால் அவர் குறிப்பேட்டில் 'ஈரம்' என்று எழுதிய அதே அடி. இரண்டு முறை வெறுமனே வீசிப் பார்த்தார். கிளப் புல்நுனியைப் பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு முன்பக்கம் சீவியது. அப்புறம் அடித்தார். பந்துக்கு முன்னால் இருந்த புல்தான் பெயர்ந்து எழுந்தது. பந்து குழியிலிருந்து ஒன்றரை மீட்டரில் நின்றது. பேர்டி.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். "மனசுக்குள்ள துவாலை கெடந்துச்சு அங்கிள்" என்றார்.

இரண்டாம் பாதியில் அதே தூரத்து வெட்ஜ் அடிகள் 72. எட்டு மீட்டருக்கு மேல் குறைந்தவை 9. பட்டிங் கணக்கு ஏறக்குறைய முன்பு போலவேதான் இருந்தது. பட் அடிக்கும் தூரம்தான் குறைந்தது.

முடிவு

கார்டு கிடைக்கவில்லை. முதல் 10-க்கு அருகில்கூட இல்லை. நான்கு நல்ல வாரங்கள் ஆறு கெட்ட வாரங்களைச் சரிக்கட்டாது. ஆண்டுக் கடைசியில் தாய்லாந்தில் நடந்த தகுதிப் போட்டிக்கும் போனார்; அங்கேயும் தவறியது, மூன்று அடியில்.

செலவு இப்படி: ஏடிடி போட்டிகள் 22,100, ஜொகூர் உள்நாட்டுப் போட்டி 600, பயிற்சியாளர் 6,000, ரேஞ்சும் ஜொகூர் பயிற்சியும் 3,500, கருவிகள் 2,100, தகுதிப் போட்டி 5,000. மொத்தம் 39,300 வெள்ளி. பரிசாக வந்தது வரி போகச் சுமார் 5,600 வெள்ளி. கடைக்காரர் அடுத்த வருடத்துக்குத் தொகையைப் பாதியாக்கினார். அவர் மேல் வருத்தமில்லை. இத்தனைக்கும் தொப்பியைத் தொலைக்காட்சியில் யாரும் பார்க்கவில்லை.

வீரர் வாரத்தில் நான்கு நாள் ரேஞ்சில் சொல்லிக்கொடுக்கப் போகிறார். மீதி நாளில் பயிற்சி.

இன்னொரு முறை என்றால்

குறிப்பேட்டை மூன்றாவது போட்டி முடிந்ததுமே கூட்டியிருப்பேன். எழுதிய புத்தகம் நான்கு மாதம் அலமாரியில் இருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் பட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

வருடம் முழுக்கப் புல்லுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருப்பேன். மேட்டில் ஆயிரம் பந்து அடிப்பதைவிட ஜொகூர்ப் புல்லில் நூறு பந்து மேல் என்று பயிற்சியாளர் சொல்கிறார். எனக்கு அந்த விகிதம் தெரியாது, ஆனால் 19-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அந்த தூரத்துப் போட்டி விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அது நடந்த வாரத்தில்தான் அவர் ஆட்டம் உச்சத்தில் இருந்தது, ஒன்பதாம் இடம் வந்த அடுத்த வாரம். ஜூலையில் இருந்த நிலவரத்தை வைத்து வேண்டாம் என்றது சரி. அந்த முடிவை ஒன்பதாம் இடத்துக்குப் பிறகு ஒரு தடவை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கலாம். அப்பா அதைப் பற்றி இதுவரை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அடுத்த சீசனுக்கு மலேசியாவில் மட்டும் ஆறு போட்டி, 18,000 வெள்ளி என்று போட்டிருக்கிறோம். இந்தத் தடவை பட்ஜெட் தாளை வீரரே எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரியில் விடுதி.